ஐடெல்லாவின் மூலை மேசை

மார்ச் 8, வெள்ளி
ஐடெல்லாவின் சாப்பாட்டுக் கடையிலிருந்து வெள்ளிக்கிழமை வழக்கம்போல் தட்டு வந்தது. தாளைப் பிரித்தால் பொரித்த மீன், கீரை, தக்காளியில் வெந்த சிவப்புச் சோறு. சித்தி மகள்தான், ஆனால் கூடப்பிறந்தவள்கூட இப்படிச் செய்வாளா?

கூடப்பிறந்தவள்தான் அடுத்த வாரம் வருகிறாள். க்ளோடெட் அக்கா பிலடெல்பியா போனவள், அம்மா சாவுக்குப் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. ஆறு வருஷம்.

மார்ச் 12
எங்கே கூட்டிப்போவது? சார்ல்ஸ்டனில் சாப்பிட இடமா இல்லை! ஆனால் ஐடெல்லா போனில் சொல்லிவிட்டாள்: "சனிக்கிழமை மத்தியானம் இங்க கூட்டிட்டு வாடி நீவா. நானே நின்னு சமைக்கிறேன்."

"பாக்கலாம்" என்றேன்.

பயம்தான். அம்மாவின் துக்கச் சாப்பாட்டில், எங்கள் தேவாலயச் சபைக்கூடத்தில், அக்கா தட்டோடு நின்று, "இந்தச் சோத்த யாரு செஞ்சது?" என்றாள். எல்லோரும் கேட்பதுதான், கேட்காமல் யார் கையால் செய்ததையும் நாங்கள் தொடமாட்டோம். ஆனால் "ஐடெல்லா" என்று பதில் வந்ததும் அள்ளிய கரண்டியைத் திரும்பப் பாத்திரத்திலேயே வைத்துவிட்டாள். ஊரே பார்த்தது. எங்களுக்குள் கன்னத்தில் அறைந்தால்கூட மன்னிப்போம், இதை மாட்டோம்.

மார்ச் 14
துறைமுகத்துப் பக்கம், மேசைக்கு வெள்ளைத் துணி விரித்த பெரிய உணவகத்தில் சனிக்கிழமைக்கு இடம் சொல்லிவிட்டேன். வம்பே வேண்டாம். உண்மையைச் சொன்னால், நானும் வசதியாகத்தான் இருக்கிறேன் என்று அக்காவிடம் காட்டும் ஆசையும் உண்டு.

ஐடெல்லாவுக்குச் சொல்லவேண்டும். நாளைக்கு.

மார்ச் 16, சனி
சொல்லவில்லை.

துறைமுகத்து உணவகத்தில் சோளக் கஞ்சியில் பாலாடைக்கட்டியைக் கொட்டியிருந்தார்கள். இறால் நாலே நாலு. அக்கா கிளறிக்கொண்டே இருந்தாள்.

"ஏன்டி, ஐடெல்லா கடைய மூடிட்டாளா?"

"இல்லக்கா. உனக்கு அவ சோறு பிடிக்காதுன்னு..."

"யாருடி சொன்னா? அன்னைக்கு அது அம்மா செஞ்ச மாதிரியே மணந்துச்சு. வாயில வச்சிருந்தா அங்கயே ஒடைஞ்சு போயிருப்பேன். அத அவகிட்ட நேர்ல சொல்லத்தான் வந்தேன், மண்டு!"

ஐயோ, அப்போதாவது எழுந்து ஓடியிருக்கலாமே! இருபது நிமிஷம்தான். "இப்ப போவோமா?" என்று கேட்டாள். "சனிக்கிழமை, கூட்டமா இருக்கும்" என்றேன். ஐடெல்லாவிடம் சொல்லாமல் ஏமாற்றியது அக்காவுக்குத் தெரிந்துவிடுமே என்ற வெட்கம். எனக்கு ஏன் இந்தப் புத்தி?

மார்ச் 17
அக்கா விடியற்காலையிலேயே விமானம் ஏறிவிட்டாள். சபையில் ஐடெல்லா என் பக்கம் திரும்பவில்லை. நேற்று மூலை மேசையில் யாரையும் உட்காரவிடாமல் மூன்று மணிவரை வைத்திருந்தாளாம். சனிக்கிழமையில்!

மார்ச் 22, வெள்ளி
தட்டு வரவில்லை.

மார்ச் 29, வெள்ளி
இன்றும் வரவில்லை. நானே போனேன். கடை திறந்த நேரம், மூலை மேசையில் உட்கார்ந்தேன். ஐடெல்லா வந்து சாப்பாட்டு அட்டையை நீட்டினாள். இருபது வருஷத்தில் அந்த அட்டையை நான் கையில் வாங்கியதே இல்லை.

அக்கா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். மேசையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தாள்.

"இதச் சொல்லத்தான் அவ அவ்வளவு தூரத்திலேர்ந்து வந்தாளா?"

"ஆமா."

"நீ எங்க கூட்டிட்டுப் போன?"

சொன்னேன்.

துணியை மடித்துத் தோளில் போட்டாள். பிறகு, "என்ன கொண்டுவர?" என்றாள்.

"சிவப்புச் சோறு."

"தீந்துபோச்சு."

காலை பதினொன்றரை மணி. கடையில் என்னைத் தவிர யாரும் இல்லை. உள்ளே அடுப்பிலிருந்து அம்மாவின் சமையல் மணம் வந்துகொண்டிருந்தது. மீன் கேட்டுச் சாப்பிட்டுவிட்டு வந்தேன்.