நேர்ச்சைக் கறி

1996 ஜூன் 13, அந்தோனியார் திருநாள்

ஊருக்கே சோறு போடும் அசனத்தின் சமையல் கொட்டகையில் இருந்தவர்கள்: என் வீட்டுக்காரர் இருதயநாதன், இந்த வட்டார சுகாதார ஆய்வாளர். அவரிடம் வேலை பார்க்கும் தங்கமுத்து. அசனப் பொறுப்பாளர், என் அண்ணன் ஸ்தனிஸ்லாஸ். சமையல்காரர் ராயப்பராஜ். நான். வேறு யாரும் இல்லை.

முந்தின ராத்திரி சப்பரம் கிளம்பும் முன்னே, அந்தோனியாருக்கு நேர்ந்துவிட்ட நேர்ச்சை ஆடுகளை வெட்டிவிடுவது எங்க ஊர் வழக்கம். நேற்று மத்தியானம் வெட்டிய கறி, இந்த வெக்கையில், விடிய விடியக் கூடைகளில் கிடந்தது. மேலே மூடியிருந்த பாயை என் வீட்டுக்காரர் விலக்கினார். பச்சை பூத்திருந்தது. ராயப்பராஜே மூக்கைப் பொத்தினார். தங்கமுத்து குழி வெட்ட, இவர் கறியைக் கொட்டி ஃபினாயில் ஊற்றினார்.

"விருந்துக்கு வந்த மாப்ள நீ. அந்தோனியார் சோத்துல விஷத்த ஊத்துறியா?" என்று அண்ணன் பாய்ந்தான்.

"மச்சான், இதத் தின்னா ஊரு தாங்காது."

இன்னும் ஒரு கூடை பாக்கி. அதற்குள் அண்ணன் மண்வெட்டியைப் பிடுங்கி வெட்டினான். இவருடைய வலது கையில் ரெண்டு விரல் குழிக்குள், கறியோடு விழுந்தன. மறுபடி ஓங்கினான். அவன் மணிக்கட்டைக் கடித்துத் தொங்கினேன். வாயெல்லாம் ரத்தம். இன்னும் கரிக்கிறது.

ஜூன் 14

திண்டுக்கல் ஆஸ்பத்திரி. மயக்கம் தெளிஞ்சதும் இவர் விரலைக் கேட்கவில்லை. "கடைசிக் கூடைய யாரு புதைச்சா?"

யாரும் புதைக்கவில்லை. தங்கமுத்து வந்து சொன்னான்: அண்ணன் அதை மஞ்சள் போட்டுக் கழுவி வேக வைத்தானாம். "நேர்ச்சை ஒண்ணுஞ் செய்யாதுலே"ன்னு ஊர் முன்னால் முதல் வாயைத் தன் மகள் ஐரினுக்கு ஊட்டினானாம்.

தின்னட்டும். வயிறு வெடிச்சுச் சாகட்டும்.

ஜூன் 16

ஐரின் போயிட்டா. ஏழு வயசு. இதே ஆஸ்பத்திரி, கீழ் வார்டு. ரத்தம் ரத்தமாக் கழிஞ்சு —

நான் சாகச் சொன்னது அவனை. அவளை இல்ல ஆண்டவரே, அவளை இல்ல.

அண்ணன் சுவரில் முட்டி முட்டி மண்டையை உடைத்துக்கொண்டான். இவர் விரலை வெட்டின கேஸுக்காகப் போலீஸ் வந்து இழுத்துப் போனது. தடுக்கத் தோணல.

1997 ஜூன் 10

அண்ணன் ஜாமீனில் இருக்கிறான். இன்னைக்கு வாசலில் வந்து நின்றான். படியேறவில்லை.

"இந்த வருசம் ஆட்ட திருநாள் அன்னைக்கு விடியத்தான் வெட்டப் போறோம், மாப்ள. நீங்க வந்து பாத்துச் சொன்னாத்தான் அடுப்பப் பத்தவைப்போம்."

இவர் இடது கையால் சட்டைப் பொத்தானைப் போடுகிறார், கழற்றுகிறார். வாய்விட்டுக் கேட்டால் வாசலில் நிற்பவன் காதில் விழும். அதனால் இந்த நோட்டில் எழுதி, இவர் முன்னால் விரித்து வைக்கிறேன்:

ஏங்க, அண்ணன் வெயிலில் நிக்கிறான். உள்ள வரச் சொல்லவா, போகச் சொல்லவா? சீக்கிரம் சொல்லுங்க.