முதலில் பொட்டலம், பிறகு காகிதம்

இன்று காலை ஜெராக்ஸ் கடையைத் திறந்து சாமி படத்துக்கு ஊதுவத்தி காட்டி முடிக்கவில்லை, அதற்குள் ஒரு போலீஸ்காரர் பென் டிரைவை நீட்டினார். "ரெண்டு காப்பி போடும்மா." திறந்து பார்த்தால் அதே படிவம். 'நீதிபதி முன்போ உயரதிகாரி முன்போ தங்களைச் சோதனையிடக் கேட்கும் உரிமை தங்களுக்கு உண்டு' என்று போகும் அதே வரி. சூடாக வெளியே வந்த காகிதத்தின் வாசனை மூக்கில் ஏறியதும் எனக்குக் கை ஓடவில்லை.

"ஆளைச் சோதனை போட்டாச்சா சார், இல்ல இனிமேத்தானா?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "உனக்கு இன்னாத்துக்கு அது? காப்பி போட்டு குடு."

நீ இருந்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். "ஏ ஜெராக்ஸு, நீ எப்போடி வக்கீலானே?" என்று கேட்டிருப்பாய். நான் வக்கீலும் ஆகவில்லை, எனக்கு ஒரு மண்ணும் புரியவும் இல்லை. அவர் போன பிறகு, வீணாய்ப்போன காகிதங்களின் பின்பக்கத்தில் உனக்கு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது.

புதுப்பட்டினம் மார்க்கெட்டில் மீனை விற்றுத் தீர்த்துவிட்டு, காலிக் கூடையை என் கடை வாசலில் கவிழ்த்து வைத்து, ஃபேனுக்கு நேராக உட்காருவது உன் வழக்கம். ரேஷன் கார்டு காப்பி எடுக்க வந்தவள் அப்படியே ஏழு வருஷம் உட்கார்ந்தாய். மீன் வாடைக்கு யாராவது மூக்கைச் சுளித்தால் போதும், "துன்றசொல்ல மட்டும் நாறலியா?" என்று அவர்கள் காதுபடவே கேட்பாய். எனக்கு வரவேண்டிய வியாபாரத்தில் பாதியை நீதான் விரட்டினாய், சனியனே.

அங்கே உட்கார்ந்துதான் ஒருநாள் சொன்னாய். "கரையில பொட்டலம் ஒதுங்கிகினு கீதாம்டி. மேல இன்னாமோ புரியாத எழுத்து. டீத்தூளுன்றானுங்க." வாயில் இருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "டீத்தூளுக்கு எவனாச்சும் இப்டி ஆள வுட்டு தேடுவானா?" என்று சிரித்தாய். நானும்தான் சிரித்தேன்.

கரையில் ஒதுங்குவதை வீட்டுக்கு எடுத்துப் போவது உங்கள் குப்பத்தில் எல்லாரும் செய்வது. கட்டை, கேன், கயிறு, மிதவை. ஒருமுறை நீ புத்தம்புது ஹெல்மெட் ஒன்றைக் கொண்டுவந்து என் தலையில் மாட்டிப் பார்த்தாய். அது யாருடையது என்று நான் கேட்கவும் இல்லை.

அடுத்த வாரமே அந்த மதியம் வந்தது. பஸ்ஸுக்கு நின்றிருந்த உன்னை நாலு அதிகாரிகள் என் கடைக்குள் கூட்டிவந்தார்கள். பெண்ணைச் சோதனை போட மறைவான இடம் வேண்டுமாம். பேப்பர் பண்டல் அடுக்கும் என் பின்னறை அவர்கள் கண்ணில் பட்டது. உன்னை உள்ளே கூட்டிப்போன பெண் அதிகாரி ஐந்தே நிமிஷத்தில் வெளியே வந்து, உன் மடியிலிருந்து எடுத்த பொட்டலத்தை என் மேஜை மேல் வைத்தாள். பளபளவென்று இருந்தது. மேலே புரியாத எழுத்து. பின்னாலேயே வந்த நீ என்னைப் பார்க்கவில்லை, ஃபேனைப் பார்த்தாய்.

மெழுகுவத்தி கொளுத்தி அரக்கை உருக்கிப் பொட்டலத்துக்கு சீல் வைத்தார்கள். அதற்கப்புறம்தான் ஒருவர் என்னிடம் பென் டிரைவைக் கொடுத்தார். அப்புறம்தான் அந்தப் படிவம் என் மிஷினிலிருந்து வந்தது. உன்னிடம் நீட்டினார்கள், கையெழுத்துப் போட்டாய். என்னிடம் நீட்டினார்கள், சாட்சி என்ற இடத்தில் நானும் போட்டேன். தினமும் யார் யாருக்கோ சாட்சிக் கையெழுத்துப் போடுகிறவள், இதைப் படித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றவே இல்லையடி. அந்தக் கையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

நீ ஜெயிலில் இருந்தபோது, அரசாங்கம் உனக்கு இலவசமாகக் கொடுத்த வக்கீலம்மா என்னைத் தேடி வந்தார். கையில் அந்தப் படிவத்தின் நகல். அதன் இடது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரை மெல்லிய கறுப்புக் கோடு. "இது எங்கேருந்தும்மா வந்துது?" என்றார். அந்த வாரம் என் மிஷினில் டிரம் கீறிப்போய், எடுத்த காகிதத்தில் எல்லாம் அந்தக் கோடு விழுந்தது. கஸ்டமர்கள் என்னைத் திட்டாத திட்டு இல்லை. அதிகாரிகளோ, படிவத்தை ஆபீசிலேயே அடித்து எடுத்துவந்து, பஸ் ஸ்டாப்பில் உனக்குப் படித்துக் காட்டிவிட்டுத்தான் சோதனை போட்டதாக எழுதிக் கொடுத்திருந்தார்களாம்.

"உடம்பைச் சோதனை போடறதுக்கு முன்னாடி உரிமையைச் சொல்லணும். போட்டுட்டுச் சொன்னா சொன்னதாகாது" என்றார் வக்கீலம்மா. "நீங்க பார்த்ததை அப்படியே சொன்னா அவங்க வெளிய வருவாங்க. இல்லேன்னா பத்து வருஷத்துக்குக் குறையாது."

"அப்போ மடியில பொட்டலம் இருந்தது?"

"அது அப்புறம்."

"அதெப்படிம்மா அப்புறம்?" என்று கேட்டேன். பொறுமையாகச் சொன்னார். நிரூபிக்கிற வரைக்கும் யாரும் குற்றவாளி இல்லை, அது பொது விதி. ஆனால் போதைப்பொருளுக்கென்று டெல்லியில் போட்ட இந்தச் சட்டத்தில், பொருள் உன்னிடம் இருந்தது நிரூபணமானால் தெரிந்துதான் வைத்திருந்தாய் என்று எடுத்துக்கொள்வார்களாம். தெரியாது என்று நீதான் காட்ட வேண்டுமாம். அதே சட்டம்தான், முன்கூட்டி உரிமையைச் சொல்லாவிட்டால் உன்னை விட்டுவிடவும் வழி வைத்திருக்கிறதாம். ஒரு கையால் கழுத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் தண்ணீர் கொடுக்கிற மாதிரி இருந்தது எனக்கு. தலையாட்டி வைத்தேன். இப்போது என்னடாவென்றால் பழைய சட்டங்களுக்கெல்லாம் பேரையும் நம்பரையும் வேறு மாற்றிவிட்டார்களாம், நானூத்தி இருபதே நானூத்தி இருபது இல்லையாம். எனக்குப் பழசே விளங்கவில்லை.

செங்கல்பட்டு கோர்ட்டில் கூண்டேறினேன். முதல்நாள் ஓர் அதிகாரி கடைக்கு வந்து "பார்த்துச் சொல்லும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். இருந்தாலும் சொன்னேன். முதலில் பொட்டலம், பிறகு அரக்கு, பிறகுதான் காகிதம். உன்னைச் சோதனை போட்ட அன்றைக்கே என் கடையில் எடுத்த ஒரு ஸ்கூல் சர்ட்டிபிகேட் காப்பியை வக்கீலம்மா காட்டினார். அதிலும் அதே கறுப்புக் கோடு. அரசு வக்கீலுக்கு வந்ததே கோபம்! என்னைப் பிறழ் சாட்சி என்று அறிவிக்கச் சொன்னார். உள்ளதைச் சொன்னவளுக்கு அந்தப் பேர்.

ஆனால் அந்த டீத்தூள் பேச்சைப் பற்றி யாரும் என்னைக் கேட்கவில்லை. கூண்டில் நின்றபோது அது என் நாக்கு நுனியிலேயே இருந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? சத்தியமாகத் தெரியவில்லை. உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன் என்று பிரமாணம் எடுத்தேன். அதன்படிதான் நடந்தேனா என்றும் தெரியவில்லை.

கடைசியில் நீதிபதி ஒவ்வொரு சாட்சி சொன்னதையும் படித்து, அதற்கு என்ன சொல்கிறாய் என்று உன்னைக் கேட்டார். எல்லாவற்றுக்கும் 'பொய்' என்று மட்டும் சொல்ல வக்கீலம்மா சொல்லி வைத்திருந்தாராம். படிவம் பிறகுதான் வந்தது என்று நான் சொன்னதைப் படித்ததும், நீ அதே வேகத்தில் "அதுவும் பொய்ங்க ஐயா" என்றாய். வக்கீலம்மா தலையில் அடித்துக்கொண்டார். கோர்ட்டே சிரித்தது என்று அவர்தான் அப்புறம் என்னிடம் சொன்னார்.

உன்னை விடுதலை செய்த அன்று பஸ்ஸில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து வந்தோம். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீ சொன்னாய்: "பேசாம இருக்கறது என் உரிமையாம்டி. ஒன்றரை வருசமா எல்லாரும் அதையே சொல்லிகினு இருந்தாங்க. பேசணும்னா யார்கிட்ட பேசறது?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? நினைவிருக்கும் உனக்கு. "அதான் வுட்டுட்டாங்களே, இன்னும் இன்னாத்துக்கு அதப் பத்தி? வுடு" என்றேன். பெரிய மனுஷி மாதிரி. உன்னைத் தொந்தரவு செய்யக்கூடாது என்று நினைத்துத்தான் சொன்னேன். நீ முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாய். திருக்கழுக்குன்றம் வரைக்கும் திரும்பவே இல்லை.

அதற்கப்புறமும் கடைக்கு வந்தாய். ஆனால் கூடை இல்லாமல் வந்தாய். மார்க்கெட்டில் உன்னைப் பொட்டலக்காரி என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். "கோர்ட்டு வுட்டுச்சு, ஊரு வுட மாட்டேங்குது" என்று ஒரே ஒருநாள் சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தாய். நான் கேட்பேன் என்றுதான் பார்த்தாய், இல்லையா? நான் டீ வாங்க எழுந்து போய்விட்டேன். மூன்று நாள் காய்ச்சல் உன்னைக் கொண்டுபோகும் என்று யார் கண்டது.

ஏன் கேட்கவில்லை என்று யோசித்து யோசித்துப் பைத்தியம் பிடிக்கிறது. தெரிந்துதான் எடுத்தேன் என்று நீ சொல்லியிருந்தால், அந்த டீத்தூள் பேச்சை நான் கூண்டில் சொல்லாமல் விட்டது என்ன கணக்கில் சேரும்? தெரியாது என்றிருந்தால், அத்தனை நாளும் உன்னைச் சந்தேகப்பட்டவள் நான்தானே? இரண்டுக்கும் பயந்தேன். உன் உரிமை, உன் உரிமை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உன்னைத் தனியாக விட்டுவிட்டேன். மன்னித்துவிடு.

மேஜை மேல் அன்று சிந்திய அரக்கு ஒரு சொட்டு இன்னும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கிறது. சுரண்டி எடுக்க மனசு வரவில்லை. வெறும் கையோடு உட்கார்ந்திருக்கும்போதெல்லாம் விரல் தானாக அதன் மேல் போகிறது.

சரி. நானாவது வரிசை மாறாமல் செய்கிறேன். முதலில் உரிமை: நீ எனக்குப் பதில் சொல்லியாக வேண்டும் என்று ஒன்றும் இல்லை. சொல்லாவிட்டால் அதை வைத்து உன்னைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன். கையெழுத்தும் வேண்டாம்.

இனிதான் கேள்வி. அது டீத்தூள் இல்லையென்று தெரிந்துதான் மடியில் வைத்தாயா?

ஃபேன் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. கடையில் வேறு யாரும் இல்லை. சொல்லுடி.