உள்ளங்கைச் சீனி

2024 பெப்ரவரி 12

நீரிழிவு ஆய்வு முடிவுகளைச் சாதாரண மக்களுக்கு விளங்கப்படுத்துவது என் உத்தியோகம். கொழும்பில் சாதாரண மக்கள் என்று சொல்வது எங்கள் அம்மா மாதிரி ஆட்களை. அம்மாவுக்கு இது தெரியாது. தெரிந்தால் கோபப்படுவாள்.

டிக்கோயாவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்திலும் பக்கத்துத் தோட்டங்களிலும் போன வருடம் ஆய்வுக்காக வீடு வீடாகக் கேள்வி கேட்டார்கள். அந்தக் கேள்விகளைத் தமிழாக்கிய பெருமை அடியேனுக்கே. இன்று முதலாவது சுவரொட்டி வந்தது. வெள்ளைச் சப்பாத்துப் போட்ட ஒருவர் பூங்காவில் ஓடுகிறார். கீழே, ‘தினமும் முப்பது நிமிடம் நடக்கவும்.’ விடிந்ததிலிருந்து கூடையைச் சுமந்து மலை ஏறி இறங்குகிறவர்களுக்கு இதைவிட உபயோகமான புத்திமதி ஏது?

அம்மா படத்தை உற்றுப் பார்த்தாள். “இந்த மனுசனுக்கு வேல வெட்டி ஒன்னும் இல்லையா புள்ள?”

பால் சேர்க்காத சாயத்தண்ணி ஆறுகிறது. இடது கையில் சீனி, வலது கையில் பேனா. பக்கமெல்லாம் பிசுபிசுப்பு.

பெப்ரவரி 20

ஆய்வுத் தலைவர் பேராசிரியர் யோகேஸ்வரன் தொலைபேசியில் யாழ்ப்பாணத் தமிழில் துள்ளினார். “பிள்ளை, உங்கட சனத்தில நூற்றுக்கு எண்பத்தொன்பது பேர் தேத்தண்ணிக்குச் சீனியே போடுறேல்லையாம்! உந்த விசயத்தை நாடு முழுக்கச் சொல்லவேணும்.”

அப்படியென்றால் தோட்டத்தில் இத்தனை பேருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு, எப்படி? கேட்டேன். பரம்பரை, மன அழுத்தம் என்றார். அதைக் கண்டுபிடிக்க இன்னொரு ஆய்வு வேண்டுமாம், அதற்கு இன்னொரு நிதி வேண்டுமாம். நோய் வளர்கிறதோ இல்லையோ, ஆய்வு நன்றாக வளர்கிறது.

புதிய சுவரொட்டிக்குத் தலைப்பு என்னுடையது: ‘சீனியில்லாத் தேநீர் — மலையகம் காட்டும் வழி.’ உண்மையைச் சொன்னால் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. எங்களை யாராவது பாராட்டி எத்தனை காலம்?

மார்ச் 1

அம்மாவின் பெருவிரல் புண் ஆறவில்லை. செருப்பு வெட்டியது. வலிக்கவில்லை என்கிறாள். ‘வலிக்காத புண்தான் ஆபத்து’ என்று துண்டுப்பிரசுரத்தில் நானே எழுதினேன். அம்மா அதை விரித்து வைத்து, அதன்மேல் லீக்ஸ் வெட்டுகிறாள்.

மார்ச் 7

கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். இரத்தத்தில் சீனி ஏறிக்கொண்டே போகிறது. இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும் என்றார் டொக்டர். தேநீருக்குச் சீனி போடுகிறீர்களா என்றும் கேட்டார்.

“போடுறதில்லீங்க.”

நல்லது என்று மெச்சி, மருந்துக் குளிசையைக் கூட்டினார். பஸ்ஸில் அம்மா மெடல் வாங்கியவள் போல உட்கார்ந்து வந்தாள்.

வீட்டுக்கு வந்து சாயத்தண்ணி ஊற்றினேன். அம்மா வழக்கம்போல இடது கையை நீட்டினாள். நானும் வழக்கம்போல போத்தலைச் சாய்த்து அவள் உள்ளங்கையில் சீனியைக் கொட்டினேன். அப்புறம் என் கையில். அவள் ஒரு நக்கு, ஒரு மிடறு. நானும் ஒரு நக்கு —

அப்படியே நின்றுவிட்டேன்.

“அம்மா, டாக்டர்கிட்ட சீனி போடுறதில்லன்னு சொன்னீங்களே?”

“தேத்தண்ணில எங்க புள்ள போட்டேன்? கையிலதான வச்சிருக்கேன்.”

அவள் பொய் சொல்லவில்லை. எண்பத்தொன்பது பேரும் சொல்லவில்லை. ‘தேநீரில் எத்தனை கரண்டி சீனி போடுவீர்கள்?’ — அழகான, பிழையில்லாத, மடத்தனமான என் தமிழ். பிறந்ததிலிருந்து கையில் சீனி வைத்து நக்கியவள் நான். எனக்கே தோணலையே! ஐயோ, என்ன படிப்பு படிச்சேன் நான்?

மார்ச் 8

பேராசிரியரிடம் சொன்னேன். “கட்டுரை அச்சுக்குப் போயிட்டுது பிள்ளை. போஸ்டரும் அடிச்சாச்சு. உதைப் பிறகு பாப்பம்.”

இன்று அம்மாவின் கையில் சீனி கொட்ட மாட்டேன் என்றேன். “ஒரு சொட்டு சீனி இல்லாம சாயத்தண்ணி எப்புடி எறங்கும்?” என்று அவளே போய் எடுத்துக்கொண்டாள். டொக்டரே மெச்சினாராம். அதற்குமேல் நான் யார்?

மார்ச் 16

காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் சுவரொட்டி வெளியீடு. பேராசிரியர் கோட்டுப் போட்டு வந்திருந்தார். கினிகத்தேனைக்கு மேலே மலைப்பாதை வளைவுகளில் வாந்தியாம், பாவம். கொழுந்தெடுக்கிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ‘நீங்கள் நாட்டுக்கே முன்மாதிரி’ என்று நான் வாசிக்க வேண்டும்.

முன்வரிசையில் அம்மா. காலில் கட்டு.

தாளை மடித்தேன். “சாயத்தண்ணி குடிக்கிறப்போ எடது கையில என்ன வச்சிருப்பீங்க?”

கொல்லென்று சிரித்தார்கள். “சீனிதான், வேறென்ன!” என்று கைகளைத் தூக்கிக் காட்டினார்கள். சீனி வருத்தம் வருவது அதனால்தான், கையில் வைத்தாலும் வயிற்றுக்குத்தான் போகிறது என்றேன். சிரிப்பு மெல்ல நின்றது. அம்மா மட்டும் தன் கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உதை ஏன் ஒருத்தரும் சொல்லேல்லை?” என்றார் பேராசிரியர்.

“நாம கேட்டது கோப்பையைப் பத்தி, சேர்.”

மார்ச் 31

என் வேலை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. நிதிப் பற்றாக்குறையாம். அடித்த சுவரொட்டிகளை மட்டும் லயத்து வரிசைவீட்டுச் சனம் வீணாக்கவில்லை; பலகை இடுக்கில் ஒட்டினால் குளிர்காற்று வராது.

ஏப்ரல் 19

விரலை எடுத்துவிட்டார்கள். அம்மா அழவில்லை. நான் அழுதேன், வார்டே பார்க்க. யார்மேல கோவப்படுறதுன்னு தெரியல. என்மேலதான்.

தாதி சாயத்தண்ணி கொண்டுவந்தார். அம்மாவின் இடது கை தானாக நீண்டது. நீட்டிய கையைப் பார்த்தாள். பிறகு போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

2025 மார்ச் 23

ஞாயிற்றுக்கிழமை. நான் இப்போது ஹட்டனில் டியூஷன் வகுப்பில் தமிழ் படிப்பிக்கிறேன். கேள்விகளைச் சரியாகக் கேட்கச் சொல்லித் தருகிறேன்.

பழைய ஆய்வின் இரண்டாம் கட்டத்துக்கு ஷாமிலா என்ற மாணவி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நான் யாரென்று அவளுக்குத் தெரியாது. புதிய கேள்வி: ‘தேநீர் குடிக்கும்போது உள்ளங்கையில் எவ்வளவு சீனி வைப்பீர்கள்?’ தமிழ் நன்றாகத்தான் இருந்தது.

“வைக்கிறதில்ல புள்ள,” என்றாள் அம்மா.

பிள்ளை நம்பவில்லை. இங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள் என்று சொல்லி அனுப்பியிருப்பார்கள். “கையக் கொஞ்சம் காட்டுங்கம்மா.”

அம்மா சாயத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு இடது கையை விரித்தாள். கொழுந்துக் கறை மட்டுமே இருந்தது. ஷாமிலா ‘இல்லை’ என்று குறித்துக்கொண்டாள்.

பேராசிரியரின் முடிவு கடைசியில் எங்கள் வீட்டில் சரியாகிவிட்டது. ஒரு வருடம் பிந்தி, ஒரு விரல் குறைந்து.