போர்வையில் விழுந்த சாம்பல்

3-2-2006, வெள்ளி

இவ்வளவு நேரம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன், இந்த நோட்டிடமா? பன்னிரண்டு அடித்துவிட்டது. அன்பு இப்போதுதான் தூங்கினாள். மூன்று வயதுக் குழந்தையின் மார்புக்குள் விசில் சத்தம். மூச்சை எண்ணிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

கிறுக்கல் இணைய ஓவிய மன்றத்தில் இந்த வாரத் தலைப்பு வந்துவிட்டது. வெள்ளிதோறும் ஒரு சொல் கொடுப்பார்கள். செவ்வாய்க்குள் வரைந்து அனுப்ப வேண்டும். புதன் முதல் வெள்ளி வரை இணையத்திலேயே வாக்குப் போடுவார்கள். ஜெயித்த படம் ஒரு வாரம் முகப்பில் இருக்கும். ஏழு வாரமாக அனுப்புகிறேன், பத்துக்குள் வந்ததில்லை.

இந்த வாரம்: வெள்ளை.

5-2-2006, ஞாயிறு

மொட்டைமாடியில் அன்புவின் வெள்ளைப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. அதையே வரைந்தேன். வாட்டர் கலர் ஈரமாக இருக்கும்போதே காற்று திரும்பிவிட்டது. அனல்மின் நிலையப் புகைபோக்கிச் சாம்பல் தாள் முழுக்கக் கருப்புக் கருப்பாக உட்கார்ந்துவிட்டது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. காலேஜில் தாவரவியல் ரெக்கார்டில் ஒரு புள்ளி தப்பாக விழுந்தாலும் மேடம் திருப்பித் தருவார், அந்தப் பழக்கம். கீழ்வீட்டுப் பச்சையம்மா அக்கா தன் துணியை உதறிக்கொண்டே எட்டிப் பார்த்தார். டோல்கேட்டில் மீன் விற்றுவிட்டு அப்போதுதான் வந்திருந்தார்.

“இன்னாத்துக்கு அழுவுற? போர்வைல கீறதுதான தாள்லயும் கீது. கரீட்டாத்தான் வரைஞ்சிகீற.”

போர்வையைப் பார்த்தேன். தாளைப் பார்த்தேன். ஒன்றையும் துடைக்கவில்லை. அப்படியே காயவிட்டேன். இதுவரை வரைந்ததில் இதுதான் என் படம்.

7-2-2006, செவ்வாய்

பஷீர் பாய் பிரவுசிங் சென்டரில் ஸ்கேன் செய்து அனுப்பிவிட்டேன். “நம்ம சூரியன் மறையிற மேரி எதுனா போட்டா ஓட்டு வுழும்மா, இது இன்னா துணி?” என்றார். சிரித்துக்கொண்டேன்.

8-2-2006, புதன்

கோபத்தில்தான் எழுதுகிறேன்.

படம் ஏறியிருக்கிறது. அதில் ஒரு புள்ளிகூட இல்லை. பால் மாதிரி வெள்ளைப் போர்வை. பழுப்பாக விட்டிருந்த வானமும் நீலமாகிவிட்டது. கீழே மன்றத்தின் மாடரேட்டர் வால்டர் எழுதியிருக்கிறார்: “ஸ்கேனர் கண்ணாடியில் நிறையத் தூசு, சகோதரி. நானே சுத்தம் செய்து போட்டுவிட்டேன்.” வருகிற ஸ்கேன் எல்லாவற்றையும் துடைத்துத்தான் போடுவாராம். அது மன்றத்துக்கு அவர் செய்யும் சேவையாம். பெங்களூரில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு என் வீட்டு மாடியைக் கூட்டிப் பெருக்க இவர் யார்?

பஷீர் பாய்க்கு என்னைவிடக் கோபம். “காத்தாலதான் ஸ்பிரிட் போட்டு தொடச்சேன். என் மெஷின்ல தூசுன்றாரா? போன் நம்பர் குடும்மா.”

அது சாம்பல், அது படத்தில் இருப்பது, பழையதைப் போடுங்கள் என்று வால்டருக்கு எழுதினேன்.

9-2-2006, வியாழன்

பதில் இல்லை. அன்புக்கு மறுபடி இளைப்பு. டாக்டரிடம் ஆவி பிடிக்க வைத்தோம். மாஸ்க்கைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள்.

10-2-2006, வெள்ளி

முதலிடம்.

எழுபத்தொரு வாக்கு. “கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போன்ற தூய்மை.” “இந்தக் காற்றைச் சுவாசிக்கும் குழந்தை கொடுத்து வைத்தது.” இது யாரோ கனடாவிலிருந்து. கொடுத்து வைத்தது! நேற்று அது மூக்கில் மாஸ்க்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, அந்தக் காற்றால்தான்.

அன்புவின் அப்பா ஹார்பரில் டபுள் ஷிப்ட் முடித்து வந்தார்.

“ஜெயிச்சிட்டே இல்ல? அப்பால இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற?”

“அது என் படம் இல்ல.”

“உன் பேரு போட்டுக்கீதே.”

“அதனாலதான் எரியுது.”

அவர் சட்டையைக் கழற்றி உதறினார். காலரிலிருந்து கொட்டிய கருப்புத் தூளை இருவருமே பார்த்தோம். சோற்றைத் தானே போட்டுக்கொண்டார்.

நான்தான் ரொம்பப் பெரிதுபடுத்துகிறேனா? ஒரு துணிப் படத்துக்கா? இல்லை. ஏழு வாரமாக என்னை யாரும் பார்க்கவில்லை. பார்க்கும்போது என்னைத் துடைத்துவிட்டுப் பார்க்கிறார்கள்.

11-2-2006, சனி

வால்டர் பதில்: “வாக்கு தொடங்கியபின் படத்தை மாற்ற விதியில் இடமில்லை. முதலிடம் கிடைத்தபின் எதற்குக் கவலை? மேலும், சாம்பல் அவ்வளவு விழுமா? ஸ்கேன் தூசு அப்படித்தான் இருக்கும், எனக்கு அனுபவம் உண்டு.”

அனுபவம் உண்டாம். நாலு வருஷமா இங்க துணி தொவைக்கிறவளுக்கு இல்லாத அனுபவம்.

அந்தப் படத்துக்குக் கிடைத்த முதலிடம் எனக்கு வேண்டாம், முகப்பிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று எழுதிவிட்டு வந்துவிட்டேன். வரும் வழியெல்லாம் ஒரே யோசனை. இனி எந்தப் படத்தையும் சேர்த்துக்கொள்ளாமல் போய்விட்டால்? படம் வரையும் அந்த ஒரு மணி நேரம்தான் வாரத்தில் எனக்கென்று இருப்பது.

13-2-2006, திங்கள்

எடுத்துவிட்டார்கள். இரண்டாமிடத்துக் கொக்கு இப்போது முகப்பில் நிற்கிறது. கீழே வால்டர்: “புதியவர்களுக்கு வழிவிட்டுத் தன் முதலிடத்தை விட்டுக்கொடுத்த சகோதரியின் பெருந்தன்மைக்கு மன்றத்தின் வணக்கம்.” இருபத்தாறு பேர் கைதட்டியிருக்கிறார்கள்.

பெருந்தன்மை! என் கோபத்தையும் துடைச்சிட்டாங்க.

பச்சையம்மா அக்காவிடம் சொன்னேன். மீன் கூடையைக் கழுவிக்கொண்டே கேட்டார். “கம்ப்யூட்டர்ல காட்டிக்கினே இருந்தா நம்புவானா? பொருள கைல குடு. எங்கிட்ட வர்றவங்க செவுள தூக்கிப் பாத்துத்தான வாங்குறாங்க.”

16-2-2006, வியாழன்

அவர் ஷிப்டுக்குப் போகும் வழியில் தபாலாபீசில் ரிஜிஸ்டர் தபால் போட்டுவிட்டுப் போனார். இரண்டு அட்டைகளுக்கு நடுவில் படத்தை வைத்து அவரே நூல் சுற்றினார். முகவரி கேட்டதும் வால்டர் கொடுத்துவிட்டார், நன்றிக்கு ஏதோ பரிசு அனுப்பப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ. உள்ளே வைத்த கடிதத்தை இங்கே படியெடுத்து வைக்கிறேன்.

“ஐயா, வணக்கம். நான் பெருந்தன்மையாக எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. கோபத்தில் திருப்பிக் கொடுத்தேன். ஸ்கேனர் நடுவில் இல்லாமல் படத்தையே அனுப்புகிறேன், என்னிடம் வேறு பிரதி இல்லை. போர்வையின் வலது ஓரத்தில் விரலை வைத்துத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பாக இருக்கும். வண்ணம் ஈரமாக இருந்தபோது விழுந்தது, துடைத்தால் வராது. அந்தப் போர்வையைப் போர்த்திக்கொள்ளும் என் மகளுக்கு மூன்று வயது. நேற்றிலிருந்து ஜன்னலைச் சாத்தியே வைத்திருக்கிறோம். படத்தை மறுபடி மன்றத்தில் போடுவதும் போடாததும் உங்கள் விருப்பம். ஆனால் தடவிப் பார்த்தபோது விரலில் என்ன தெரிந்தது என்று மட்டும் எழுதுங்கள். சீக்கிரம் பதில் போடுங்கள்.”