படகுக்காரனை இனி நீ எழுத வேண்டாம்

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் நன்றாகத்தான் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்கிறாய் என்று நம்பிக்கொண்டு இதைத் தொடங்குகிறேன். அப்பா முழங்கால் வலியோடு லிஃப்ட் பழுது பார்க்கப் போய்வருகிறார், போன வாரம் ஒரு அடுக்குமாடியில் லிஃப்டைச் சரிசெய்துவிட்டுத் தான் மட்டும் படியில் இறங்கி வந்திருக்கிறார், கேட்டால் சிரித்து மழுப்புகிறார். பரிசோதனைக்கூடத்தில் எனக்குக் கூட்டம் குறையவில்லை, ரத்தம் கொடுக்க வருகிற குழந்தைகள் என்னைக் கொசு ஆன்ட்டி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே என்று நினைப்பாய். நான் சொல்ல வந்தது வேறு, போனில் ஆரம்பித்தால் நீ "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுவாய்.

நாம் எல்லாரும் ஆளுக்கொரு பாத்திரமாக இணையத்தில் சேர்ந்து எழுதுகிற ஆற்றங்கரைக் கதையை ஆந்தை என்ற புனைபெயரில் ஒருவர் நடத்துகிறாரே, அவர் எனக்குத் தனியாகச் செய்தி அனுப்பியிருக்கிறார். அடுத்த மாதம் வேலை விஷயமாக நம் ஊர் வழியாகப் போகிறாராம், படகுக்காரனாக எழுதுகிற உன் தம்பியை நேரில் பார்த்து ஒரு டீ குடிக்க வேண்டுமாம். "உங்க பையன்கிட்ட கேட்டா பிடி கொடுக்கவே மாட்டேங்கிறார், நீங்களாவது சொல்லுங்கம்மா" என்று எழுதியிருந்தார். படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உன் தம்பி போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. அந்தக் கதையில் இருக்கிற ஒருவருக்கும் அது தெரியாது, ஏனென்றால் அவனுடைய படகுக்காரன் இன்றைக்குக் காலையில்கூடக் கதைக்குள் வந்து பேசிவிட்டுப் போனான்.

எழுதுவது நீதான் என்று எனக்கு முதல் நாளே தெரியும். காரியமெல்லாம் முடிந்து நீ ஊருக்குத் திரும்பும்போது அவன் போனைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனாய். அடுத்த வாரமே கதையில் படகுக்காரன் என் சுங்கச்சாவடிக்கு வந்து, அங்கே காவல் இருக்கிற கிழவியாகிய என்னைப் பார்த்து, சாப்பிட்டியா என்று கேட்டான். என் சின்னவன் என்றைக்கடி என்னைச் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறான்? உள்ளே நுழையும்போதே சாப்பிட என்ன இருக்கு என்றுதானே கேட்பான். அதைப் படித்து நான் சிரித்தேன், அப்புறம் அடக்க முடியாமல் அழுதேன். அப்பாவிடம் காட்டினேன். "விடு, அவளுக்கு இப்ப இது வேணும்போல இருக்கு" என்றார். அதனால் தினமும் பதில் போட்டேன். நீ எனக்காக எழுதுகிறாய் என்பது எனக்கு மெதுவாகத்தான் உறைத்தது. நான் உனக்காகப் பதில் போட, நீ எனக்காக அவனாக வர, இப்படியே ஒரு வருஷத்தை ஓட்டிவிட்டோம்.

இந்தக் கதையின் விதிகளில் உன் தம்பி எவ்வளவு கறாராக இருப்பான் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என்னைச் சேர்த்துவிட்ட புதிதில், கிழவி கொடுத்த சாப்பாட்டைப் படகுக்காரன் வயிறாரச் சாப்பிட்டான் என்று எழுதிவிட்டேன். என்ன குதி குதித்தான்! "அம்மா, நீ தட்டை நீட்டலாம். நான் சாப்பிடறேனா இல்லையான்னு நான்தான் எழுதணும்" என்றான். தடியை ஓங்கினேன் என்று எழுதலாமாம், எதிராளிக்கு அடிபட்டதா என்பதை எதிராளிதான் சொல்ல வேண்டுமாம். ஒருத்தர் உண்டாக்கிய ஆளை இன்னொருத்தர் கேட்காமல் தொடக்கூடாது, கதைக்குள் நடக்கிற சண்டையை வெளியே கொண்டுபோகக்கூடாது, வர முடியாத நாளில் சொல்லிவிட்டுப் போக வேண்டும், இல்லாவிட்டால் மற்றவர்கள் காத்துக்கொண்டிருப்பார்கள் என்பான். காய்ச்சலில் படுத்தபோதுகூட "ரெண்டு நாள் வரமாட்டேன்" என்று அவர்களுக்குப் போட்டுவிட்டுத்தான் படுத்தான்.

இப்போது அந்தக் கதையில் எழுதுகிற குருவி என்கிற பெண் தன் வீட்டுக் கஷ்டத்தையெல்லாம் அவன் போனுக்குத் தனியாக எழுதுகிறாள் என்று பேச்சுவாக்கில் நீயே சொன்னாய். அவளுக்குத் தம்பி ஆறுதல் சொன்னான், அவன் எல்லாரிடமும் அப்படித்தான் என்றாய், எப்போது என்று நான் கேட்கவில்லை. யாரிடம் சொல்கிறோம் என்று தெரியாமல் ஒரு பெண் மனதைக் கொட்டுவது சரியில்லை கண்ணு. நீ கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாதே. ஆகவே ஆந்தைக்கும் அவளுக்கும் நீயே எழுது. கதைக்குள் வைத்துச் சொல்லாதே, வெளியே வந்து உன் பெயரில், சுற்றி வளைக்காமல் சொல். கோபப்படுவார்கள், நாலு வார்த்தை கேட்பார்கள், கேட்டுக்கொள். படகுக்காரனை ஆற்றில் மூழ்கடிக்க வேண்டாம், தூர தேசத்துக்கு அனுப்பவும் வேண்டாம். அதை எழுத வேண்டியவன் எழுதவில்லை, அப்படியே இருக்கட்டும். ஆந்தை வரட்டும், டீ நான் போட்டுக் கொடுக்கிறேன், சின்னவன் உட்காருகிற நாற்காலியில் அவரை அப்பா உட்காரவைப்பார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தக் கதையில் உனக்கென்று ஒரு வைத்தியச்சி இருந்தாளே, வாய்த்துடுக்குக்காரி, அவள் என்ன ஆனாள்? தம்பி போனதிலிருந்து அவள் ஒரு வரிகூடப் பேசவில்லை. போனிலும் நீ அப்பாவின் முழங்காலைக் கேட்கிறாய், என் மாத்திரையைக் கேட்கிறாய், வைத்துவிடுகிறாய். அங்கே நீ அழுதாயா, அழுதபோது பக்கத்தில் யாராவது இருந்தார்களா, ராத்திரி தூங்குகிறாயா, ஒன்றும் எனக்குத் தெரியாது. சின்னவன் இனி வரமாட்டான் என்பதை நான் எப்படியோ தாங்கிக்கொண்டேன். நீயும் வராமல் இருக்கிறாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எந்தக் குறையும் இல்லாமல், நோய் நொடி அண்டாமல் நீ நூறு வயது இருக்க வேண்டும் என்று நானும் அப்பாவும் மனதார வாழ்த்துகிறோம். ஆந்தை கிளம்புவதற்கு முன்னால் எழுதிவிடு, மறக்காதே. எழுதி முடித்ததும் எனக்கு போன் செய், நீயாகவே பேசு.

உன் அம்மா