ரோசிக்கு நீ எழுதிய முடிவு

நேற்று உன் தம்பி ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து கொடுத்தான். "அக்கா பெட்டியில இருந்துச்சு. நீங்களே வச்சுக்குங்க லா" என்றான். பிரித்தால், நாம் இருவரும் சேர்ந்து எழுதிய தொடர்கதை. வாராவாரம் பத்திரிகையிலிருந்து வெட்டி, ஊசிநூலால் நீ தைத்து வைத்தது. கடைசி அத்தியாயம் மட்டும் அச்சில் இல்லை, நீ எடுத்து வைத்திருந்த நகல், உன் கையெழுத்தில் இருக்கிறது. நேற்றிலிருந்து என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றைக்கூடத் தீயவிட்டேன்.

ஆம்பிளைப் பெயர் ஒன்றை வைத்துக்கொண்டு வீட்டுக்குத் தெரியாமல் எழுதினோமே, நினைவிருக்கிறதா? ஒரு வாரம் நீ, ஒரு வாரம் நான். வெள்ளைக்காரனின் செம்பவாங் கப்பல்தளக் குடியிருப்பில் உன் வீடும் என் வீடும் அடுத்தடுத்து. எனக்குச் சிராங்கூன் ரோட்டுத் துணிக்கடையில் வேலை என்பதால், பத்திரிகை ஆபீசில் கொண்டுபோய்க் கொடுப்பது என் பொறுப்பு. நம் கதாநாயகி ரோசி, மாதாகோவில் தவறாத பெண். அவள் விரும்பியது ஓர் இந்துப் பையனை.

ஞாயிற்றுக்கிழமை மாதாகோவில் பூசை முடிந்து வந்ததும் உன் அம்மாவுக்கு நீ படித்துக் காட்டுவாய். முதல் வாரம், "இந்தப் பொண்ணுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?" என்று கத்தினார். எட்டாவது வாரம், "பையன் நல்லவனாத்தான் தெரியிறான், பாவம்" என்றார். நீ நிமிர்ந்து பார்க்காமல் பக்கத்தைத் திருப்பினாய். எனக்கு அப்போது ஒன்றும் உறைக்கவில்லை.

கடைசி அத்தியாயம் உன் முறை. பேருந்தில் போகும்போது படித்தேன். ரோசி அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறாள். அம்மா அடுப்பிலிருந்த சோற்றை இறக்கி வைக்கிறார். பிறகு, "அவனை ஒருநாள் சாப்பிட வரச் சொல்லு" என்கிறார். அவ்வளவுதான். எனக்குச் சப்பென்று இருந்தது. இறங்கியதும் ஒரு கோப்பிக் கடையில் உட்கார்ந்து, ஒரே மூச்சில் வேறு முடிவு எழுதினேன். வீட்டை விட்டு ஓடிய ரோசி, படகு கவிழ்ந்து கடலில் மூழ்கிவிடுகிறாள். ஆசிரியர் படித்துவிட்டு, "ஊரே அழப்போகுது" என்றார். தலைகால் புரியவில்லை எனக்கு.

அந்த ஞாயிறு, அழுகையைப் பார்க்கவே உன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தேன். முடிவு மாறியிருப்பதைப் பாதியில் கண்டு, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மேலே படித்தாய். அம்மா அழுதார்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பெத்தவளை ஏமாத்திட்டுப் போனா ஆண்டவர் சும்மா விடுவாரா? இதான் கதி" என்றார்.

கிணற்றடியில் வைத்துத்தான் சொன்னாய். தளத்தில் குமாஸ்தாவாக இருந்த ஓர் இந்துப் பையனைப் பற்றி, அவனோடு உனக்கிருந்த மூன்று வருஷத்துப் பழக்கத்தைப் பற்றி. அம்மாவிடம் நேரே சொல்லப் பயந்து, கதையாகச் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறாய்.

"பன்னெண்டு வாரமா அம்மாவைக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்தேன்டி. வாசல் வரைக்கும் வந்துட்டாங்க. நீ கதவைச் சாத்திட்டே."

"இப்பவாச்சும் சொல்லிடு, நான் கூட வர்றேன்" என்றேன்.

"இனிமே சொன்னா அவங்க கண்ணுக்கு ரோசி பொணம்தான் தெரியும்" என்றாய்.

நீ சொல்லவே இல்லை. அந்தக் குமாஸ்தா இரண்டு வருஷம் காத்திருந்துவிட்டு ஜோகூரில் வேறு கல்யாணம் செய்துகொண்டார். நீ அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டாய். அம்மா இறந்த மறுவருஷமே நீயும் போய்விட்டாய்.

இப்போது வெள்ளைக்காரன் தளத்தைக் காலி செய்யப்போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. நான் இன்னும் எழுதுகிறேன். அதற்குப் பிறகு என் கதையில் ஒரு காதலியும் சாகவில்லை. எல்லாரையும் சேர்த்து வைக்கிறேன். படித்தவர்கள் மனசு நிறைந்தது என்று கடிதம் போடுகிறார்கள். எனக்குத்தான் நிறைவதில்லை.

ஒரு தடவைகூட நீ "ஏன்டி மாத்துனே?" என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், வாசகர்களுக்கு அதுதான் பிடிக்கும் என்று புளுகியிருப்பேன். இனி யாரிடம் புளுகுவது? சப்பென்று இருந்ததாக மேலே எழுதினேனே, அதுவும் பொய். பேருந்தில் "சாப்பிட வரச் சொல்லு" என்ற அந்த வரியைப் படித்தபோது என் கண் நிறைந்தது. அதை எழுதியவள் நானில்லை, நீ என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.