சிரிக்காத இடம்

பர்பாங்க்,
மார்ச் 3, 1987

அன்புள்ள கால்வின்,

நலமாகத்தான் இருப்பாய், வெர்மான்ட் பனியில் உன்னோடு மல்லுக்கு நிற்க ஆளில்லையே. கேள், இயக்க ஒரு படம் கிடைத்துவிட்டது! நாம் விழுந்து விழுந்து சிரித்துப் பார்த்த முப்பதுகளின் கறுப்பு வெள்ளைப் படங்கள் மாதிரியே: விவாகரத்தான தம்பதி, ஓடிப்போன நெருப்புக்கோழி, மூச்சுவிடாத வாய்ச்சண்டை. நடிகர்கள் ஒருவர் முடிக்கும்வரை மற்றவர் காத்திருந்தார்கள், மரியாதையாம். இருவரையும் சேர்ந்தாற்போல் பேச வைத்தேன். ஒலிப்பதிவாளர் தலையில் கை வைத்துவிட்டார். நேற்று நெருப்புக்கோழி தயாரிப்பாளரின் தொப்பியைத் தின்றது, அதையும் படம் பிடித்துவிட்டேன்.

கடைசிக் காட்சிதான் கைக்கு வரவில்லை. இருவரும் மறுபடி சேர வேண்டும், காதல் வசனம் மட்டும் கூடாது. சரியாக வராவிட்டால் படத்தை வேறொருவரிடம் கொடுத்துவிடுவார்களாம். நாம் பிரிந்து ஐந்து வருடமானால் என்ன, கூடவே எழுதிய உன்னைவிட்டால் யாரிடம் கேட்பேன்?

உன் (கை பழக்கதோஷத்தில் எழுதிவிட்டது)
ரொவீனா

வெர்மான்ட்,
மார்ச் 9

ரொவீனாவுக்கு,

தொப்பியைத் தின்ற பறவைக்கு என் வாழ்த்து. நீ கேட்ட காட்சி இதோ.

அவள் பெட்டியோடு சமையலறை வாசலில் நிற்கிறாள்.
அவன்: "போகாத."
அவள்: "பெட்டி கட்டவே மூணு மணி நேரம் ஆச்சு. இதையெல்லாம் யாரு பிரிச்சு வைக்கிறது?"
அவன் வயிறு குலுங்கச் சிரிக்கிறான். அவள் போய்விடுகிறாள்.

எனக்குத் தெரிந்த முடிவு இதுதான். பிடிக்காவிட்டால் கிழித்துப் போடு.

கால்வின்

பர்பாங்க்,
மார்ச் 14

கால்வின்,

அது நம் சமையலறை. அந்த வசனம் என்னுடையது. நீ 'போகாத' என்றதும் நகைச்சுவைக்கு எடுத்துக் கொடுக்கிறாய் என்றுதான் நினைத்தேன். ஒருவர் எடுத்துக் கொடுக்க, மற்றவர் முடித்து வைக்க, அப்படித்தானே அத்தனை வருடமும் எழுதினோம்? நீயும் சிரித்தாயே! மனதாரவா கேட்டாய்?

ரொவீனா

வெர்மான்ட்,
மார்ச் 19

ரொவீனா,

மனதாரத்தான் கேட்டேன். ஆனால் வசனம் அவ்வளவு பிரமாதமாக விழுந்தது, சிரிப்பை அடக்க முடியவில்லை. உன் கார் கிளம்பிய பிறகுதான் அழுகை வந்தது. போகட்டும், படத்தைக் காப்பாற்று.

கால்வின்

பர்பாங்க்,
ஏப்ரல் 25

என் அன்பு கால்வின்,

நேற்று பொதுமக்களுக்கு முன்னோட்டமாகப் போட்டுக் காட்டினோம். உன் காட்சியில் ஒன்றை மட்டும் மாற்றியிருந்தேன். அவள் அந்த வசனத்தைச் சொல்கிறாள், அவன் சிரிக்கவில்லை. அரங்கமே கப்சிப். தயாரிப்பாளர் என் முழங்கையைக் கிள்ளி, "படம் படுத்துருச்சு" என்றார். திரையில் அவன் மண்டிபோட்டு, பெட்டியைத் திறந்து, அவள் துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் அடுக்குகிறான். ஒரு பெண்மணி விசும்பியபடியே சிரிக்க ஆரம்பித்தாள். அப்புறம் கூரை பிய்ந்துவிடும்போல ஒரே சிரிப்பு. எழுந்து நின்று கைதட்டினார்கள், கால்வின்! படம் என்னிடமே இருக்கிறது.

ஆனால் பக்கத்து இருக்கைப் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். அங்கே நீ இல்லை. எனக்கு அது பொறுக்கவில்லை. வந்துவிடு. இது உனக்கு எடுத்துக் கொடுக்கும் வசனம் இல்லை.

உன்
ரொவீனா

வெர்மான்ட்,
ஏப்ரல் 30

ரொவீனா,

படித்தேன். சிரிக்கவில்லை. சனிக்கிழமை விமானத்தில் வருகிறேன்.

உன்
கால்வின்